நடுக்குவாதமும் அதன் மருந்துகளும்: கொள்ளேகால் வட்டாரத்தை முன்வைத்து

நடுக்குவாதம் என்பது பார்கின்சன் நோய்க்குத் தமிழில் வழங்கும் பெயர். ஆயுர்வேதத்தார் இதற்கு நெருக்கமான நோயைக் கம்பவாதம் என்பர். நடுமூளையில் கரிய நிறம் படிந்த சிறு திட்டு ஒன்று உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து உடலசைவுகளைத் தடையின்றி ஓடவிடுகின்றன. அவை ஒவ்வொன்றாக மடிவதால் வருவது இந்நோய். கைநடுக்கமோ நடைத் தளர்ச்சியோ வெளியில் தெரியும் நாளில் அத்திட்டின் அணுக்களில் ஏறத்தாழ பாதி அழிந்துபோயிருக்கும். உலகில் 85 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்நோயுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டது.

கொள்ளேகால் இன்று கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்து ஊர். 1997 வரை மைசூரு மாவட்டத்திலும், 1956 நவம்பர் 1ஆம் தேதிக்கு முன் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்திலும் இருந்தது. ஒருபுறம் பிளிகிரிரங்கன் மலை, மறுபுறம் மாதேஸ்வரன் மலை. கன்னடமும் தமிழும் கலந்து புழங்கும் வட்டாரம். பட்டுக்குப் பேர்போனது. இந்நோயின் மருந்து வரலாற்றில் இந்த மலைக்காடுகளில் படரும் ஒரு கொடிக்கும், இவ்வூர் அன்று சார்ந்திருந்த மாகாணத்தின் தலைநகருக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இக்கட்டுரை கொள்ளேகாலை முன்வைக்கிறது.

அறிகுறிகள்

நடுக்கத்தைத்தான் எல்லோரும் கவனிக்கிறார்கள். ஆனால் நோயின் மையம் மந்தம்: அசைவு தொடங்கத் தாமதமாவது, தொடங்கியது வரவரச் சிறுத்துப் போவது. அறுந்த பட்டிழையை விரல் நுனியில் முறுக்கி ஒட்டும் வேலை இதை மற்ற எவருக்கும் முன்னதாக நெசவாளிக்குக் காட்டிக்கொடுக்கும். ஒரு கை மட்டும் பின்தங்கும். சட்டைப் பொத்தான் போட நேரமாகும். கையெழுத்து வரி முடிவதற்குள் பொடியாகிவிடும். நடக்கையில் ஒரு கை வீசாது. முகம் உணர்ச்சி காட்டாமல் இறுகும். நடுக்கம் வந்தால் அது பெரும்பாலும் கை சும்மா மடியில் கிடக்கும்போது வரும். டம்ளரை எடுக்கப் போனால் தணியும். எடுக்கும்போது மட்டும் நடுங்கும் கை பெரும்பாலும் வேறு நோயைக் காட்டுவது. நடுக்கமே இல்லாத பார்கின்சன் நோயாளிகளும் உண்டு. வயதாகிவிட்டது என்று வீட்டார் விட்டுவிடுவது இவர்களைத்தான்.

மலச்சிக்கல், வாசனை தெரியாமை, கனவில் கத்திக் கைகால் வீசுவது ஆகியவை பல ஆண்டுகள் முன்னதாகவே தொடங்கியிருக்கலாம். இரத்தப் பரிசோதனையால் வழக்கமாக இந்நோய் கண்டறியப்படுவதில்லை. நடக்கச் சொல்லிப் பார்த்து, விரல் தட்டச் சொல்லிப் பார்த்து, மணிக்கட்டை அசைத்துப் பார்த்து மருத்துவர் முடிவு செய்கிறார்.

ஒன்றை முதலில் விலக்க வேண்டும். தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஃப்ளூனரிசின், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைட், மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் போன்றவை பார்கின்சனைப் போலவே உடலை இறுக்கக்கூடியவை. பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை வாங்கி விழுங்கும் வழக்கம் நம் ஊர்களில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணமான மருந்தை மருத்துவர் நிறுத்தினால் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடுவர்.

டோபாவின் கதை

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் 1817இல் ஆறு பேரைக் கவனித்து இந்நோயை எழுதினார். அவர்களில் சிலர் தெருவில் கண்டவர்கள். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு உருப்படியான மருந்து இல்லை.

மருந்தாகப் போகும் லெவோடோபா (சுருக்கமாக டோபா) மட்டும் அதற்கு முன்பே கைக்கு வந்திருந்தது. 1913இல் வேதியியலாளர் குகன்ஹைம் ஐரோப்பிய அவரை வகை ஒன்றிலிருந்து அதைப் பிரித்தார். நம் ஊர் அவரையும் மொச்சையும் அந்த இனம் அல்ல. 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி இருவரும் பூனைக்காலி என்ற கொடியின் விதையிலிருந்து அதே பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். எந்த நோய்க்கு ஆகும் என்று அப்போது எவரும் அறியவில்லை. அதைத் தெரியவைத்ததிலும் ஓர் இந்திய மூலிகை இருக்கிறது. சர்ப்பகந்தி வேரிலிருந்து கிடைக்கும் ரெசர்பைனை முயலுக்குக் கொடுத்து அசைவற்றுப் போகச் செய்த ஸ்வீடன் அறிஞர் ஆர்விட் கார்ல்சன், பிறகு டோபா கொடுத்து அவற்றை எழுப்பினார். அது 1957. டோபமினுக்கு மூளையில் தனி வேலை உண்டு என்பதை உணர்த்திய இந்த ஆய்வுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. 1960இல் வியன்னாவில் அறிஞர் ஹார்னிகீவிச், இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமின் வற்றியிருப்பதைக் கண்டார். 1967இல் மருத்துவர் ஜார்ஜ் கோட்சியாஸ் சிறு அளவில் தொடங்கிப் பொறுமையாக உயர்த்தி, வாய்வழி டோபாவைப் பயன்தரும் மருந்தாக்கினார்.

மாத்திரைகள்

டோபமினை நேராகக் கொடுத்துப் பயனில்லை. இரத்தத்திலிருந்து மூளைக்குள் அது புகாது. அதன் முன்வடிவான லெவோடோபா புகும். ஆனால் தனியாகக் கொடுத்தால் பெரும்பகுதி வழியிலேயே டோபமினாக மாறி, குமட்டலையும் இரத்த அழுத்த வீழ்ச்சியையும் உண்டாக்கும். அந்த மாற்றத்தை மூளைக்கு வெளியே தடுக்கவே கார்பிடோபா சேர்க்கப்படுகிறது. கடைகளில் சின்டோபா என்ற பெயரில் பரவலாகக் கிடைப்பது இந்தக் கூட்டுதான்.

அட்டையில் இருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. 110 என்றால் 100 மில்லிகிராம் லெவோடோபா, 10 கார்பிடோபா. 125 என்றால் அதே 100க்கு 25. 275 என்றால் 250க்கு 25. தடுக்கும் வேலையைக் கார்பிடோபா முழுதாகச் செய்ய நாளுக்கு ஏறத்தாழ 70 மில்லிகிராமாவது வேண்டும். 110ஐ மூன்று வேளை விழுங்குபவருக்கு 30தான் கிடைக்கும், குமட்டுவதில் வியப்பில்லை. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடும் பலருக்குத் தேவைப்படுவது மருத்துவரைக் கேட்டு 125க்கு மாறுவதுதான்.

லெவோடோபா இரத்தத்தில் நெடுநேரம் தங்காது. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். தொடக்க ஆண்டுகளில் மிச்சமிருக்கும் அணுக்கள் அதைச் சேமித்துக் கொடுப்பதால் மூன்று வேளை போதும். அணுக்கள் குறையக் குறைய மாத்திரையின் ஏற்ற இறக்கம் அப்படியே உடலில் தெரியும்: அடுத்த வேளை வருமுன் உடல் கட்டிப்போகும், மருந்து உச்சத்தில் இருக்கும்போது கழுத்தும் தோளும் தாமாக நெளியும். இது மருந்தின் குற்றமென்று எண்ணி, பின்னாளுக்குச் சேமிப்பதுபோல் ஆரம்பத்தில் மாத்திரையைத் தள்ளிப்போடுவோர் உண்டு. அப்படித் தள்ளிப்போட்டதால் பின்னாளில் லாபம் கிடைத்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. இழந்த நல்ல ஆண்டுகள் மட்டும் திரும்பி வராது.

மற்றவை துணை மருந்துகள். பிரமிபெக்சோல், ரோபினிரோல் டோபமினைப்போல் நடிப்பவை; கால் வீக்கம், திடீர்த் தூக்கம் வரலாம். சிலருக்குச் சூதாட்டம், தேவையற்ற பொருள்களை வாங்கிக் குவிப்பது போன்ற அடக்கமுடியாத உந்துதல் எழும். வெட்கத்தால் நோயாளி இதைச் சொல்லமாட்டார், வீட்டார்தான் கேட்க வேண்டும். செலிகிலின், ரசாகிலின் டோபமின் சிதைவதைக் குறைக்கும். என்டகபோன் ஒவ்வொரு வேளை லெவோடோபாவையும் நீட்டித் தரும். அதனால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது பயப்படத் தக்கதல்ல. இன்ஃப்ளூயன்சா மருந்தாக வந்த அமான்டடின் நெளிவுகளை அடக்கும். பழைய மருந்தான டிரைஹெக்சிஃபெனிடில் நடுக்கத்துக்கு நல்லது, விலையும் மலிவு. ஆனால் முதியவர்களுக்கு மறதியும் குழப்பமும் சிறுநீர் அடைப்பும் தரும்.

சோறும் கடிகாரமும்

லெவோடோபா ஓர் அமினோ அமிலம். குடலிலும் மூளை வாசலிலும் புரதத்தின் அமினோ அமிலங்களோடு இடத்துக்குப் போட்டியிடும். கேழ்வரகுக் களியும் கொள்ளுச் சாறும் நல்ல உணவுதான், ஆனால் அவற்றோடு சேர்த்து விழுங்கிய மாத்திரை சிலருக்கு அன்று வேலையே செய்யாது. உணவுக்கு அரை மணி முன்போ ஒரு மணிக்கும் மேல் கழித்தோ தண்ணீரோடு எடுப்பது வழி. குமட்டினால் புரதம் குறைந்த ஓரிரு பிஸ்கட் போதும். இரும்புச் சத்து மாத்திரையை வேறு நேரத்துக்கு மாற்ற வேண்டும். பருப்பை அறவே விலக்கத் தேவையில்லை. விலக்கினால் மெலிந்துபோனவர் மேலும் மெலிவார். புரதத்தைப் பகலில் குறைத்து இரவில் கூட்டுவது, பகலில் அசைவு தேவைப்படுவோருக்கு உதவும்.

பூனைக்காலி

இம்மலைகளின் அடிவாரத்தில் படரும் பூனைக்காலிக் கொடியின் காய்ச்சுணை பட்டால் தாங்கமுடியாத அரிப்பெடுக்கும். விதையில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு லெவோடோபா உண்டு. கன்னியாகுமரி மலைகளின் கானி மக்கள் இவ்விதையைப் பலமுறை வேகவைத்து நீரை வடித்தே உண்பது வழக்கம். மும்பையில் 1978இல் இதன் பொடியை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டதாக ஆய்வாளர்கள் எழுதினர். 2004இல் லண்டனில் எட்டு நோயாளிகளிடம் 30 கிராம் பொடி, வழக்கமான மாத்திரையைவிட விரைவில் வேலை செய்தது. பலன் நீடித்த நேரமும் சற்று நீண்டது. பொலிவியாவில் நடந்து 2018இல் வெளியான சோதனையில் மட்டும் வேறு பாடம்: 16 வாரத் திட்டத்தில் பதினான்கு பேரில் ஏழு பேர் பூனைக்காலியை விட்டுவிட்டனர். நால்வருக்கு வயிற்றுக் கோளாறு, மூவருக்கு அசைவு மோசமானது.

மூலிகை என்பதால் மென்மையானது என்று நினைப்பது தவறு. விதையில் இருப்பதும் மாத்திரையில் இருப்பதும் ஒரே வேதிப்பொருள். மாத்திரையில் அளவு தெரியும், கார்பிடோபாவும் துணைக்கு உண்டு. விதையில் இரண்டும் இல்லை. விதைப்பொடியையும் மாத்திரையையும் மருத்துவரிடம் சொல்லாமல் சேர்த்து விழுங்குவதே பெரிய ஆபத்து.

அறுவை, பயிற்சி

1960களில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பா. இராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன் ஆகியோர் மூளையின் ஆழத்தில் குறிபார்த்துச் சுட்டு நடுக்கத்தை அடக்கும் அறுவை செய்தனர். லெவோடோபா வந்தபின் அது குறைந்தது. 1987இல் பிரான்சின் கிரெனோபிலில் தொடங்கிய ஆழ்மூளைத் தூண்டல் அதே எண்ணத்தை மின்முனைகளோடு மீட்டெடுத்தது. மாத்திரைக்கு நன்றாக இசைந்து, ஆனால் ஏற்ற இறக்கத்தால் தவிப்பவருக்கே அது ஏற்றது. எந்நிலையிலும் தேவைப்படுவது நடைப்பயிற்சியும் உரக்கப் பேசும் பயிற்சியும்.

பெங்களூரு நகர்ப்புறமும் சுற்றுக் கிராமங்களுமாக 1,02,557 பேரை வீடுவீடாகக் கணக்கெடுத்த ஆய்வு 2004இல் வெளியானது. லட்சத்துக்கு 33 பேருக்கு இந்நோய் இருந்தது; கிராமத்தில் நகரத்தைவிட அதிகம். நரம்பியல் நிபுணர்களோ நகரத்தில். கொள்ளேகாலிலிருந்து மைசூரு ஏறத்தாழ 65 கிலோமீட்டர், பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மருத்துவமனை 140 கிலோமீட்டரளவில். லெவோடோபா-கார்பிடோபா தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. அரசு மருத்துவமனையில் நோயாளி கேட்டுப் பார்க்கலாம்.

காய்ச்சலுக்கோ எலும்பு முறிவுக்கோ வேறொரு மருத்துவமனையில் சேர்க்கும்போது, மாத்திரையின் பெயர், அளவு, வேளை மூன்றையும் எழுதிய தாளை வீட்டார் கையில் வைத்திருக்க வேண்டும். லெவோடோபா திடீரென்று நின்றால் கடும் காய்ச்சலும் உடல் இறுக்கமும் நினைவுக் குழப்பமுமாக உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தத் தாளில் மெட்டோகுளோபிரமைட், ஹாலோபெரிடால் ஆகிய இரண்டும் கூடாது என்றும் எழுத வேண்டும்; வாந்திக்குக் குறைந்த அளவில் டோம்பெரிடோன் பொதுவாகத் தரலாம், இதயக் கோளாறு இருந்தால் அதையும் மருத்துவரிடம் கேட்டே.