நான்கு முறை கலைக்கப்பட்ட அணி

விளையாட்டு வரலாறுகள் பெரும்பாலும் வென்றவர்களைப் பற்றியே எழுதப்படுகின்றன. கோப்பைகள், சாதனை எண்கள், வீரர்களின் பெயர்கள் ஆகியவற்றோடு அவை நிறைவு பெற்றுவிடும். காசு கொடுத்து உள்ளே வந்து அமர்ந்த ரசிகன் அவற்றில் ஓர் எண்ணிக்கையாக மட்டுமே இடம்பெறுகிறான். அந்த எண்ணிக்கையே பின்னர் அவனுக்கு எதிரான சாட்சியமாகவும் மாறக்கூடும் என்பதற்கு அமெரிக்க பேஸ்பாலில் ஓர் அணியின் வரலாறு தக்க சான்றாகிறது.

அவ்வணியின் பெயர் அத்லெட்டிக்ஸ். 1901இல் பிலடெல்பியாவில் தோன்றி, 1955இல் கான்சஸ் சிட்டிக்கும், 1968இல் ஓக்லண்டுக்கும், 2025இல் மேற்கு சாக்ரமெண்டோவுக்கும் பெயர்ந்த அணி அது. பேஸ்பாலின் மிக உயர்ந்த பட்டமாகிய உலகத் தொடரை ஒன்பது முறை வென்றிருக்கிறது. வலுவாக நின்ற காலங்களிலேயே நான்கு முறை அதன் உரிமையாளர்களால் கலைக்கப்பட்டும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் சூழல் வேறு. ஆயினும் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று மட்டும் மாறவேயில்லை: மக்கள் வரவில்லை. இக்காரணம் எவ்வளவு உண்மை என்பதே இங்கு நாம் காண விழைவது.

ஓர் இலட்சம் டாலர் உட்களம்

அத்லெட்டிக்ஸ் அணியின் முதல் மேலாளர் கானி மாக். 1901 தொடங்கி 1950 வரை ஐம்பது பருவங்கள் அப்பொறுப்பில் இருந்தவர். அணியின் பங்குதாரரும் அவரே. வெற்றிக்காக வீரர்களைத் தேர்ந்தெடுப்பதும், செலவுக்கு அஞ்சி அவர்களை விற்பதும் ஒரே மனிதரின் கையில் இருந்தன என்பதை இவ்வரலாற்றின் தொடக்கத்திலேயே மனங்கொள்ள வேண்டும்.

1910, 1911, 1913 ஆகிய ஆண்டுகளில் அவரது அணி உலகத் தொடரை வென்றது. மெக்கின்னிஸ், எடி காலின்ஸ், ஜாக் பாரி, ஃபிராங்க் பேக்கர் ஆகிய நால்வரும் காத்து நின்ற உட்களத்தை ‘ஓர் இலட்சம் டாலர் உட்களம்’ என்று மக்கள் செல்லமாக அழைத்தனர். அந்நால்வருக்கும் அத்தொகை ஊதியமாக வழங்கப்படவில்லை. சந்தையில் அவர்கள் பெறக்கூடிய மதிப்பே அப்பெயராயிற்று. வீரனைப் புகழும் சொல்லிலேயே அவனுடைய விலையும் ஒட்டிக்கொண்டிருந்தது.

1914இலும் அணி லீக் பட்டத்தை வென்றது. ஆனால் உலகத் தொடரில் பாஸ்டன் பிரேவ்ஸ் அணியிடம் நான்கு ஆட்டங்களிலும் தொடர்ந்து தோற்றது. அதே ஆண்டில் ஃபெடரல் லீக் என்ற புதிய போட்டி அமைப்பு உயர்ந்த ஊதியம் காட்டி வீரர்களை ஈர்த்துக்கொண்டிருந்தது. பார்வையாளர் எண்ணிக்கையோ 1913இல் ஏறத்தாழ 5.7 இலட்சமாக இருந்து, 1914இல் 3.5 இலட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. போட்டியாளர் தரும் ஊதியத்தைத் தம்மால் தர இயலாது என்று மாக் முடிவு செய்தார். அவ்வாண்டு லீகின் தலைசிறந்த வீரராகத் தேர்வு பெற்றிருந்த காலின்ஸ் 50,000 டாலருக்குச் சிகாகோ அணிக்கு விற்கப்பட்டார். பெண்டர், பிளாங்க் என்ற பெரும் பந்தெறிவாளர் இருவரும் ஃபெடரல் லீகுக்குச் சென்றனர். ஊதியப் பிணக்கால் பேக்கர் 1915 முழுவதும் அணிக்கு ஆடவில்லை. பாரி அப்பருவத்தின் நடுவிலேயே பாஸ்டனுக்கு விற்கப்பட்டார்.

1914இல் 99 ஆட்டங்களை வென்ற அணி 1915இல் வென்றவை 43. 1916இல் 36 மட்டுமே. அவ்வாண்டின் தோல்விகள் 117. 1915 முதல் 1921 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் கடைசி இடம். 1915இல் களத்துக்கு வந்தவர்கள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர்.

மாக்கின் பக்கம் நியாயமே இல்லை என்று நாம் கூறவில்லை. வென்ற ஆண்டிலும் கூட்டம் குறைந்தது உண்மையே. ஆனால் வாராதிருந்த இரண்டு இலட்சம் பேரைக் காரணம் காட்டி அணியைக் கலைத்தபோது, வந்துகொண்டிருந்த மூன்றரை இலட்சம் பேருக்கு என்ன மிஞ்சியது? அவர்களிலும் இரண்டு இலட்சம் பேர் அடுத்த ஆண்டே விலகினர். கலைப்பதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது, கலைத்ததன் விளைவாகவும் பெருகியது.

ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சுவரும்

பத்தாண்டுக் காலம் பொறுமையோடு உழைத்து மாக் மற்றோர் அணியைக் கட்டினார் என்பது அவருடைய பெருமை. ஜிம்மி ஃபாக்ஸ், ஆல் சிமன்ஸ், மிக்கி காக்ரன், லெஃப்டி குரோவ் ஆகியோர் ஆடிய அவ்வணி 1929, 1930 ஆண்டுகளில் உலகத் தொடரை வென்றது. 1931இல் 107 ஆட்டங்களை வென்று, இறுதித் தொடரின் ஏழாம் ஆட்டத்தில் தோற்றது.

அப்போது பொருளாதாரப் பெருமந்தம் நாட்டைப் பற்றியிருந்தது. 1929இல் எட்டு இலட்சத்தைத் தாண்டிய பார்வையாளர் எண்ணிக்கை 1933இல் மூன்று இலட்சத்தையும் எட்டவில்லை. விற்பனை மீண்டும் தொடங்கியது. 1932இல் சிமன்ஸும் வேறு இருவரும் 1,00,000 டாலருக்குச் சிகாகோ சென்றனர். 1933 டிசம்பரில் காக்ரன் 1,00,000 டாலருக்கு டெட்ராய்ட் சென்றார். குரோவும் வேறு இருவரும் 1,25,000 டாலருக்கு பாஸ்டன் சென்றனர். 1932இல் 58 ஹோம் ரன்கள் அடித்த ஃபாக்ஸ் 1935 டிசம்பரில் 1,50,000 டாலர் பெற்றுக்கொண்டு பாஸ்டனுக்கு அனுப்பப்பட்டார். விற்கப்பட்ட காக்ரனின் தலைமையில் டெட்ராய்ட் அணி 1935இல் உலகத் தொடரை வென்றது. அதே 1935இல் பிலடெல்பியாவுக்குக் கடைசி இடம்.

இவ்விடத்தில் இரண்டு செய்திகளைக் கருத வேண்டும். பென்சில்வேனியா மாநிலத்தின் பழைய ஓய்வுநாள் சட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் தொழில்முறை பேஸ்பாலைத் தடுத்திருந்தது. 1933 நவம்பரில் நடந்த வாக்கெடுப்புக்குப் பின்னரே அத்தடை நீங்கியது. வாரத்தில் ஆறு நாள் ஆலையில் உழைத்தவனுக்கு, அவனுடைய அணி உலக வெற்றியாளராகத் திகழ்ந்த காலத்தில், ஓய்வு கிடைத்த ஒரே நாளில் வாயில் மூடியிருந்தது. வர இயலாதவனையும் வாராதவனாகவே கணக்கேடு எழுதிக்கொண்டது.

மற்றொன்று சுவர் பற்றியது. ஷைப் பார்க் என்னும் அவ்வரங்கின் வலப்புறச் சுவர் 12 அடி உயரமே கொண்டது. இருபதாம் தெருவின் மாடிகளிலிருந்து மக்கள் ஆட்டத்தைக் கண்டு வந்தனர். வீட்டுக்காரர்கள் அதற்குக் காசும் பெற்றனர். 1935இல் நிர்வாகம் அச்சுவரை 30 அடிக்கும் மேலாக உயர்த்தியது. ஊரார் அதற்கு வன்மச் சுவர் என்று பொருள்படப் பெயரிட்டனர். காசின்றிப் பார்ப்பதைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் காண்பதற்குரியவர்கள் பெரும்பாலோரை விற்றபின் சுவர் எழுப்பியதுதான் விந்தை.

அதன்பின் 1946 வரையிலான பன்னிரண்டு பருவங்களில் ஒன்பது முறை கடைசி இடம். 1954இல் அணியே விற்கப்பட்டு, அடுத்த ஆண்டு கான்சஸ் சிட்டிக்குப் போயிற்று. அங்கு ஆடிய பதின்மூன்று பருவங்களில் ஒன்றில்கூட வெற்றிகள் தோல்விகளை விஞ்சவில்லை. நல்ல வீரர்கள் நியூயார்க் யாங்கீஸுக்குச் சென்றவண்ணம் இருந்தனர். 1959 டிசம்பரில் அவ்வாறு சென்ற ரோஜர் மாரிஸ்தான் 1961இல் 61 ஹோம் ரன்கள் அடித்துப் புதிய சாதனை படைத்தவர்.

விதி மாறியபோது

நிற்க. இவ்விற்பனைகள் எவ்வாறு இயன்றன? 1879இல் முளைத்த ‘ரிசர்வ் விதி’ என்ற ஒப்பந்தக் கூறு, வீரனை அவனது அணியோடு காலவரையின்றிப் பிணைத்து வைத்திருந்தது. அவன் விரும்பிய அணிக்குச் செல்ல இயலாது. அணி விரும்பினால் அவனை விற்கலாம். விற்ற பணம் உரிமையாளரையே சேரும். 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ் அளித்த தீர்ப்பு இவ்விதியை முறித்தது. அதன்பின் வீரன் குறிப்பிட்ட காலம் ஆடியதும் தன் விலையைத் தானே பேசும் நிலை பிறந்தது.

அப்போது அத்லெட்டிக்ஸின் உரிமையாளர் சார்லி ஃபின்லி. ஓக்லண்டில் அவரது அணி 1972, 1973, 1974 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலகத் தொடரை வென்றிருந்தது. வீரர்கள் விலையின்றிப் போய்விடுவார்கள் என்று அஞ்சிய ஃபின்லி, 1976 ஜூன் 15 அன்று ஃபிங்கர்ஸ், ரூடி ஆகிய இருவரையும் தலைக்குப் பத்து இலட்சம் டாலர் என பாஸ்டனுக்கும், வைடா புளூவைப் பதினைந்து இலட்சம் டாலருக்கு யாங்கீஸுக்கும் விற்றார். மூன்றாம் நாள், விளையாட்டின் நலனுக்கு இது உகந்ததன்று என்று கூறி ஆணையர் பௌவி கூன் அவ்விற்பனைகளை நீக்கினார். மாக் இருமுறை செய்ததையே ஃபின்லியும் செய்தார். அன்று வாணிகமாக இருந்தது இன்று குற்றமாயிற்று.

பருவம் முடிந்ததும் ஃபிங்கர்ஸ், ரூடி, பாண்டோ, காம்பனேரிஸ், டெனேஸ் ஆகியோர் உரிமை பெற்று வெளியேறினர். 1977இல் அத்லெட்டிக்ஸ், அவ்வாண்டுதான் பிறந்த சியாட்டில் அணிக்கும் பின்னால் நின்றது. 1979 ஏப்ரலில் ஓர் இரவு ஆட்டத்துக்கு வந்திருந்தவர்கள் 653 பேர். அவ்வாண்டு முழுவதும் வந்தவர்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம். வென்ற மூன்று ஆண்டுகளிலும் 1973இல் மட்டுமே எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தொட்டது. ஆகவே ஓக்லண்ட் பேஸ்பாலை விரும்பாத ஊர் என்று முடிவு கட்டுவது எளிதாயிற்று.

புரவலர் ஒருவர்

அம்முடிவைப் பொய்ப்பித்தவர் வால்டர் ஹாஸ். லீவைஸ் உடை நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த அவர் 1980இல் அணியை வாங்கினார். வீரர்களைத் தக்கவைத்தார், ஊரின் பள்ளிகளோடும் மன்றங்களோடும் அணியை இணைத்தார். 1988 முதல் 1990 வரை மூன்று லீக் பட்டங்கள் கிட்டின. 1989இல் உலகத் தொடர் வசமாயிற்று. 1990இல் களத்துக்கு வந்தோர் 29 இலட்சம் பேர். ஊர் அதுவே, அரங்கும் அதுவே. பதினொரு ஆண்டுகளில் எண்ணிக்கை ஒன்பது மடங்குக்கும் மேல் உயர்ந்தது.

நம் இலக்கிய மரபில் புரவலன் என்ற சொல்லின் வேர் ‘புரத்தல்’; காத்தல் என்பது அதன் பொருள். உடையவன் என்பது வேறு, புரவலன் என்பது வேறு. இவ்வணியின் வரலாற்றில் உடையவர்கள் பலர் உண்டு. இரண்டாம் சொல்லுக்கு முழுத் தகுதி பெற்றவராக ஹாஸையே நாம் காண்கிறோம். ஆண்டுதோறும் இலாபம் கண்டவரல்லர் அவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். புரத்தலுக்கு ஒரு விலை உண்டு.

1995இல் அணி மீண்டும் கைமாறியது. செலவு சுருங்கியது. 2002இல் ஏறத்தாழ 4 கோடி டாலர் ஊதியச் செலவில் 103 ஆட்டங்களை வென்றது அத்லெட்டிக்ஸ். அதே 103 வெற்றிகளுக்கு யாங்கீஸ் செலவிட்டது ஏறத்தாழ 12.5 கோடி. புள்ளியியல் நுட்பத்தால் வறுமையை வென்ற இக்கதையை மைக்கேல் லூயிஸின் ‘மணிபால்’ நூல் 2003இல் உலகறியச் செய்தது. ஆனால் ரசிகன் கண்ட மறுபக்கம் ஒன்றுண்டு. வறுமைக்கு மருந்தாக வந்த நுட்பம், நாளடைவில் வறுமைக்குச் சமாதானமாயிற்று. வளர்த்தெடுத்த வீரர்கள் விலை உயரும் வேளையில் ஒவ்வொருவராக வெளியேறினர்.

2022 பருவத்துக்கு முன் ஓல்சன், சாப்மன், பாசிட், மனாயா ஆகியோர் சில வாரங்களுக்குள் பிற அணிகளுக்கு அனுப்பப்பட்டனர். பருவச் சீட்டின் விலையோ உயர்ந்தது. அவ்வாண்டு 102 தோல்விகள், 2023இல் 112. அவ்வாண்டின் ஊதியச் செலவு அனைத்து அணிகளிலும் மிகக் குறைவு. லாஸ் வேகஸுக்குப் பெயரும் திட்டமும் வெளியாயிற்று.

2023 ஜூன் 13 அன்று ரசிகர்கள் ஒரு புதுமை செய்தனர். புறக்கணிப்பதற்கு மாறாக, திரண்டு வந்தனர். 27,759 பேர் அரங்கில் அமர்ந்து, அணியை விற்றுவிடும்படி உரிமையாளர் ஜான் ஃபிஷரை நோக்கி முழங்கினர். மக்கள் வரவில்லை என்ற கூற்றுக்கு இதனினும் நேரான மறுமொழி வேறில்லை. அதே நாளில் நெவாடா மாநில மேலவை, புதிய அரங்குக்கு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் வழங்கும் சட்டத்துக்கு இசைவளித்தது. 2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லண்டின் கடைசி ஆட்டத்தைக் காண 46,889 பேர் வந்தனர்.

அவ்வாண்டு டிசம்பரில், ஓக்லண்டை விட்ட பின்னர், பந்தெறிவாளர் லூயிஸ் செவரினோவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6.7 கோடி டாலர் தர அணி ஒப்பந்தமிட்டது. அதுவரை அணியின் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம் அதுதான். இல்லை என்று ஓக்லண்டுக்குச் சொல்லப்பட்ட பணம், ஓக்லண்ட் இல்லாதபோது இருந்தது.

ஊர்ப்பெயர்

சங்கப் புலவர் பலரை நாம் ஊர்ப்பெயரோடு சேர்த்தே அறிகிறோம். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் என்றும் ஆலங்குடி வங்கனார் என்றும் சொல்லும்போது ஊர் ஒரு முகவரியாக நின்றுவிடுவதில்லை, உரிமையாகவும் நிற்கிறது. 2028இல் லாஸ் வேகஸில் அரங்கு அமையும் வரை சாக்ரமெண்டோவில் தங்குவதாகத் திட்டமிட்ட அத்லெட்டிக்ஸ், அவ்வூரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளவில்லை. 2025 பருவத்தை அது ஊர்ப்பெயர் ஏதுமின்றியே ஆடியது.

தோல்வியை ரசிகன் பொறுப்பான். ஏழு ஆண்டுகள் கடைசி இடத்தில் நின்ற அணியையும் பிலடெல்பியா கைவிட்டுவிடவில்லை. அவன் பொறாதது, தான் விரும்பியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விற்றுவிட்டு, விருப்பமின்மையைத் தன்மீதே சாற்றுவதை. பெருமந்தமும் போட்டி லீகும் மெய்யான இடர்களே. மாக்கின் கையில் பணம் இல்லாதிருந்ததும் மெய்யே. ஆயினும் இந்நூற்றிருபது ஆண்டுக் கணக்கை ஒருசேர வைத்துப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. நான்கு முறையும் அணி கலைந்த பின்னரே கூட்டம் அடிமட்டத்தைத் தொட்டது. காத்தவர் ஒருவர் வந்தபோது அதே ஊர் 29 இலட்சம் பேரை அனுப்பியது. மக்கள் வரவில்லை என்று எழுதிய ஏடுகளிலேயே, அவர்கள் எப்போது வந்தார்கள் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது.