ஒரே ஒரு புள்ளி

புகைப்படக்கலை என்றால் ஒளி, நிறம், கோணம் என்று பேசுவோம். புள்ளியைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஆனால் அதற்கும் ஒரு வரலாறு உண்டு நண்பர்களே!

1926-ல் ஓவியர் காண்டின்ஸ்கி, புள்ளி, கோடு, தளம் என்ற மூன்றையும் ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி நூல்வரிசையில் அது வெளிவந்தது. அந்த வரிசையின் பதிப்பாசிரியர்களில் ஒருவர் மொஹோலி-நாகி. அவர் 1928-ல் பெர்லின் வானொலிக் கோபுரத்தின் மேலிருந்து நேர் கீழே கேமராவைத் திருப்பினார். தரையில் இருந்தவை தங்கள் அடையாளத்தை இழந்து வெறும் வட்டங்களாகவும் கோடுகளாகவும் மாறிப்போயின.

ஒரு படத்தில் தனியாக ஒரு புள்ளி இருந்தால் கண் நேராக அங்கேதான் போகும். இரண்டு இருந்தால் மனம் அவற்றைக் கோடாக இணைத்துவிடும். மூன்று என்றால் முக்கோணம். ஆக, புள்ளியின் அளவைவிட அது இருக்கும் இடம்தான் முக்கியம். வணிகவியல் படிக்கும் எனக்கு இது புதிதல்ல. தசமப் புள்ளி இரண்டு இடம் நகர்ந்தால் பத்து ரூபாய் ஆயிரம் ரூபாய் ஆகிவிடுமே!

இனி உலகின் மிகப் பிரபலமான புள்ளிக்கு வருவோம். வாயேஜர் 1 விண்கலம் 1980-ல் சனிக் கோளைக் கடந்தது. அது திரும்பி நின்று பூமியைப் படமெடுக்க வேண்டும் என்றார் கார்ல் சேகன். தயக்கம் இருந்தது. படத்தால் அறிவியல் லாபம் பெரிதாக இல்லை. சூரியனுக்கு அருகே கேமராவைத் திருப்பினால் கருவி கெட்டுப்போகும் அபாயமும் உண்டு. வரவு செலவு பார்த்தால் நஷ்டக் கணக்குதான்!

கடைசியில் 1990 பிப்ரவரி 14 அன்று, சுமார் 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து அந்தப் படம் எடுக்கப்பட்டது. வாயேஜர் கேமராவின் ஒரு படத்தில் 800க்கு 800, அதாவது 6,40,000 படப்புள்ளிகள். அவற்றில் பூமி ஒன்றைக்கூட நிரப்பவில்லை. வெறும் 0.12 பங்குதான்!

கேமராவுக்குள் சிதறிய சூரிய ஒளி படத்தில் பட்டைகளாக விழுந்தது. அதில் ஒரு பட்டையின் நடுவே பூமி அமர்ந்துகொண்டது. யாரும் திட்டமிடாத அமைப்பு இது. அந்தப் பட்டை இல்லாவிட்டால் தூசி என்று நினைத்துக் கடந்து போயிருப்போம்.

படம் எடுத்துச் சிறிது நேரத்தில், மின்சாரத்தையும் நினைவகத்தையும் மிச்சப்படுத்த அந்தக் கேமராக்கள் அணைக்கப்பட்டன. இனி அங்கிருந்து இன்னொரு படம் கிடையாது. நம் சண்டைகள், சொத்துகள், எல்லைகள், அரசுகள் எல்லாம் அந்த 0.12-க்குள் அடக்கம். லாபமில்லை என்று விட்டிருந்தால் இதை நாம் பார்த்தே இருக்க மாட்டோம். எந்தப் பேரேட்டில் எழுதுவது இந்த வரவை?