குழலின் அடிப்பக்கம்

தஞ்சைப் பக்கத்து மிராசு குடும்பம் ஒன்றில் நான்கு தலைமுறையாக இருந்துவரும் இரட்டைக்குழல் துப்பாக்கி அது. குழல்களை இணைக்கும் பட்டையில் 'பி.ஆர். அண்ட் சன்ஸ், மதராஸ்' என்று பொறித்திருந்தது. "பாட்டனார் வாங்கினபடியே இருக்குங்க, ஒரு திருகாணிகூட மாத்தல" என்றார் வீட்டுப் பெரியவர். அந்தச் சொல்லைச் சோதிக்கத்தான் போயிருந்தேன்.

முதலில் பெயர். மவுண்ட் ரோட்டில் கடிகாரமும் நகையும் விற்ற அந்த நிறுவனம் துப்பாக்கியும் விற்றது. ஓக்ஸ் கம்பெனியும் அப்படித்தான். இப்படி மதராஸ் கடைப்பெயர் தாங்கிய துப்பாக்கிகளில் பல பர்மிங்காமில் உருவானவை. அங்கே செயின்ட் மேரி தேவாலயத்தைச் சுற்றியிருந்த தெருக்களில் குழல் துளைப்பவர் ஒருவர், அரம் போடுபவர் இன்னொருவர், கட்டை இழைப்பவர் வேறொருவர். விசைப்பூட்டு வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து வருவதும் உண்டு. இத்தனை பேர் கை பட்ட பொருளில் அசல் எது என்று கேட்டால் என் பதில் இது: பட்டறையை விட்டுக் கிளம்பிய நாளில் ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்தப்பட்டிருந்த பாகங்களே அசல். பட்டையில் இருப்பது விற்றவர் பெயர். அதைக் கொண்டு பாகங்களைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு முன்கட்டையைக் கழற்றினேன். விசைக்காப்பின் அடியில் சுழலும் நெம்புகோலைத் திருப்பிக் குழல்களைத் தனியே எடுத்து, ஜன்னலோரம் கவிழ்த்து வைத்தேன். குண்டுபோடும் பக்கத்தின் அடியில் தட்டையாக இரண்டு பரப்புகள் இருக்கும். சுடுகிறவர் கண்ணில் படாத இடம் என்பதால் அலங்காரம் கிடையாது. எனக்கு வேண்டியதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

பர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸ் 1813-இல் சட்டப்படி ஏற்பட்டது. அளவுக்கு மீறி மருந்து கெட்டித்து வெடித்துப் பார்ப்பார்கள். தாங்கிய குழலுக்குத்தான் முத்திரை. 1904 வரை அந்த முத்திரை, கிரீடத்துக்குக் கீழே குறுக்காக வைத்த இரு செங்கோல்கள். அதன்பின் கிரீடத்தோடு பி.பி., பி.வி. என்ற எழுத்துகள் வந்தன. புகையில்லா மருந்துக்குச் சோதித்த குழல் என்றால் என்.பி. என்றும் இருக்கும். 1921-க்குப் பிறகு ஆண்டைக் காட்டும் எழுத்துக் குறியும் சேர்ந்தது.

இந்தக் குழல்களில் பி.பி., பி.வி., என்.பி. மூன்றும் தெளிவாக இருந்தன. ஆண்டுக் குறி இல்லை. குழல்கள் வந்து அமரும் ஆக்‌ஷனின் மேல்தட்டில் செங்கோல் முத்திரை! பழைய குழலையே 1904-க்குப் பின் மறுபடி சோதித்திருந்தால், குழலின் அடியிலும் செங்கோல் முத்திரை மிஞ்சியிருக்க வேண்டும், புதியது அதன் பக்கத்தில் விழுந்திருக்க வேண்டும். லென்ஸ் வைத்துத் தேடினேன், அரம் தேய்த்த சுவடுகூட இல்லை. ஆக்‌ஷன் 1904-க்கு முந்தியது, குழல்கள் 1904-க்கும் 1921-க்கும் இடையில் புதிதாகப் போட்டவை. முத்திரை பர்மிங்காமுடையது. ஆகவே வேலையும் நம் ஊரில் நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கரிமருந்துக்கான முறுக்கிரும்புக் குழலை விட்டு, புகையில்லா மருந்துத் தோட்டாவுக்குப் பலர் மாறிய காலம் அது. இங்கும் காரணம் அதுவாக இருக்கலாம்.

துப்பாக்கியின் வரிசை எண்ணைப் பார்த்தபோது இந்த முடிவு வலுத்தது. குழலிலும் ஆக்‌ஷனிலும் ஒரே எண்தான், 47 என்று முடிகிறது. ஆக்‌ஷனில் உள்ள 4-இன் வாய் திறந்திருக்கிறது, குழலில் உள்ளதன் வாய் மூடியிருக்கிறது. இரண்டும் வெவ்வேறு அச்சுகளால் குத்தியவை. எண் ஒத்துப்போனதுமே அசல் என்று விலை பேசுகிற வியாபாரிகள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். புதிய குழலுக்குத் துப்பாக்கியின் பழைய எண்ணையே குத்துவது பட்டறை வழக்கம்தான்.

முன்கட்டையின் இரும்பில் இருந்த எண் 48 என்று முடிந்தது. அதன் திருகாணி ஒன்றின் வெட்டு குறுக்கே திரும்பியிருந்தது. நல்ல பட்டறையில் திருகாணி வெட்டுகள் எல்லாம் குழலின் போக்கிலேயே நேராக நிற்கும்படி இழைப்பார்கள். இதை யாரோ பிற்பாடு கழற்றி மாட்டியிருக்கிறார்கள். மாட்டிய இடத்திலும் நூலளவு ஆட்டம் இருந்தது.

பெரியவரிடம் பழைய லைசென்ஸ் ஏதாவது உண்டா என்று கேட்டேன். டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கட்டு வந்தது. 1878 ஆயுதச் சட்டத்தின் கீழ் கொடுத்த தாள்கள், ஓரம் செல்லரித்தவை. ஒன்றில் பாட்டனாரின் பெயருக்குக் கீழே இரண்டு துப்பாக்கிகள், அடுத்தடுத்த எண்கள். பின்னால் வந்த தாளில் ஒன்றுதான். "சின்னத் தாத்தா பாகம் பிரிச்சுப் போனாரே, அப்போ கொண்டுபோயிருப்பாரு" என்றார் பெரியவர். சுத்தம் செய்யக் கழற்றிய முன்கட்டைகள் கைமாறிப்போயிருக்கும் என்பது என் ஊகம். முன்கட்டை இரும்பின் எண் எந்தத் துப்பாக்கிக்குரியது என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

அவர் முகம் வாடியது. பூட்டு, ஆக்‌ஷன், கட்டை மூன்றும் முதல் நாள் பொருத்தியவை, குழல் முறையாகச் சோதித்து மாற்றியது, முன்கட்டை பாட்டனாரின் சொந்தத் தம்பி வீட்டுடையது என்று எடுத்துச் சொன்னேன். பாலிஷ் போட யாரிடமும் கொடுக்காதீர்கள் என்றும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். பஃப் சக்கரத்தில் ஒரு தடவை வைத்தால் அந்தத் தட்டைப் பரப்பில் இருந்த அத்தனை சாட்சியும் போய்விடும்.

சின்னத் தாத்தா வழியினர் திருச்சியில் இருக்கிறார்கள். அவர்களிடம் 48 இன்னும் இருக்குமானால், அதன் முன்கட்டை இரும்பில் 47 இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி எழுதியிருக்கிறேன்.