தும்பி கண்ட நிறமும் கருங்கண்ணாடியும்

குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு ஒரு தும்பியை நோக்கி எழுப்பப்பட்ட வினா. தருமிக்குப் பொற்கிழி கிடைக்க வேண்டி இறையனார் எழுதிக் கொடுத்ததாகவும், நக்கீரர் அதில் குற்றம் கண்டதாகவும் திருவிளையாடற் கதை சொல்வது இப்பாட்டைப் பற்றியே. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்னும் வழக்கு மட்டுமே பலருக்கும் நினைவில் நிற்கிறது. அவ்வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டது ஒரு வண்டு என்பதையும், கேட்பவரை மகிழ்விக்கும் பொருட்டுப் பேசாமல் தான் அறிந்ததைச் சொல்லுமாறு அது வேண்டிக்கொள்ளப்பட்டது என்பதையும் அவ்வளவாக யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பூவைப் பற்றிய உண்மைக்குப் பூவோடு வாழும் உயிரே தக்க சாட்சி. அச்சாட்சியும் பக்கச் சார்பற்றதாயிருக்க வேண்டும். இந்த நெறி மணத்துக்கு மட்டுமன்றி நிறத்துக்கும் பொருந்தும் என்று உலகம் அறிந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

1793ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆசிரியரான கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்ப்ரெங்கல் ஒரு நூல் வெளியிட்டார். பூவிதழ்களில் காணும் கோடுகளும் புள்ளிகளும் தேன் இருக்குமிடத்துக்குப் பூச்சிகளை வழிநடத்தும் அடையாளங்கள் என்பது அவர் கண்டது. அக்காலத்தில் அதனை மதித்தவர் சிலரே. கண்ணுக்குத் தெரிந்த அடையாளங்களைத்தாம் அவரும் கண்டார். தெரியாதவற்றுக்கான கதவு எட்டாண்டுகள் கழித்து யேனா நகரில் திறந்தது. 1801இல் யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர், முப்பட்டகத்தால் பிரிந்த சூரிய ஒளியில் வெள்ளிக் குளோரைடு தடவிய தாளை வைத்துப் பார்த்தபோது, ஊதா நிறம் முடிந்து ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றிய இடத்தில்தான் அது மிக விரைவாகக் கறுத்தது. புறஊதா என்று நாம் வழங்குவது அவ்வொளியையே.

மனிதனின் விழித்திரை அவ்வொளியை ஓரளவு உணர வல்லதுதான். விழியின் உள்ளே இருக்கும் வில்லையே அதைத் தடுத்துவிடுகிறது. கண்புரைக்கு வில்லையை எடுத்துவிட்டுத் தடித்த மூக்குக் கண்ணாடி கொடுத்து அனுப்பிய முந்தைய தலைமுறைச் சிகிச்சைக்குப் பின், சிலருக்கு ஊதா நிறம் முன்னைவிடத் தூக்கலாகத் தெரிந்ததற்குக் காரணம் அதுவே. மருத்துவர் அதனை ஒரு பக்கவிளைவு என்பார். கவிஞர் வேறுவிதமாகச் சொல்லக்கூடும்.

பூச்சிகளின் பார்வையைச் சோதனையால் அறிய முயன்றவருள் முற்பட்டவர் ஜான் லபக். புறஊதா படும் இடத்திலிருந்து எறும்புகள் தம் கூட்டுப்புழுக்களை அப்புறப்படுத்துவதை அவர் 1880களில் எடுத்துக் காட்டினார். தேனீக்கு நிறப்பார்வை உண்டு என்பதைக் கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1914இல் நிறுவினார். அப்பார்வை புறஊதாவையும் தனி நிறமாகக் கொள்வது என்பதை ஆல்ஃபிரட் கூன் 1920களில் உறுதிப்படுத்தினார். தேனீயின் கண்ணிலுள்ள மூவகை உணரிகளுள் ஒன்று 344 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளிக்கே மிகுதியாக இசைவது. சிவப்போ அதற்குப் பெரும்பாலும் இருள்தான்.

சாட்சி கிடைத்தாயிற்று, மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். புகைப்படத் தகட்டிலுள்ள வெள்ளி உப்பு பிறவியிலேயே புறஊதாவை உணர்வது. எனவே அதற்குப் புதிய கண் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. நாம் காணும் ஒளி முழுவதையும் மறித்து, காணாத ஒளியை மட்டும் உள்ளே விடும் ஒரு வடிப்பானே வேண்டியிருந்தது. இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. காமிராக் கடைகளில் ‘யூ.வி. ஃபில்டர்’ என்று விற்கப்படுவது புறஊதாவைத் தடுப்பது. பூக்களின் மறைநிறத்துக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் கரித்துண்டு போலக் கறுத்துத் தெரியும் கண்ணாடி அது.

அக்கண்ணாடியின் வரலாறு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் வில்லியம்ஸ் வுட் என்பவரைச் சுற்றி அமைகிறது. 1903இல் சாயப்பொருள் கொண்டு முதல் வடிப்பானைச் செய்த வுட், பின்னர் படிகக்கல் வில்லையின்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சிட்டு, ஏறத்தாழ 310 நானோமீட்டர் ஒளியிலேயே படமெடுத்தார். 1910இல் அவர் வெளியிட்ட படங்கள் இன்றும் வியப்பூட்டுவன. ஓவியர் பயன்படுத்தும் துத்தநாக வெள்ளை அவற்றில் கரியாகத் தெரிந்தது. நல்ல வெயிலில் தெருவில் நின்ற மனிதருக்கு நிழலே விழவில்லை. அவ்வொளி நேராக வருவதைவிட வானெங்கும் சிதறி எல்லாத் திக்கிலிருந்தும் வருவதால் நிழல் அழிந்துவிடுகிறது. நளன் கதையில் தமயந்தி தேவர்களையும் நளனையும் பிரித்தறிந்தது நிழலைக் கொண்டும் அல்லவா? வுட்டின் காமிரா முன்னே அவள் திகைத்திருப்பாள்.

முதல் உலகப் போரின்போது இரகசிய ஒளிச் சைகைகளுக்காக வுட் உருவாக்கியதே, இன்றளவும் அவர் பெயரால் வழங்கும் கண்ணாடி. பேரியமும் சோடியமும் கலந்த சிலிக்கேட்டில் நூற்றுக்கு ஒன்பது அளவில் நிக்கல் ஆக்சைடு சேர்த்து உருக்கியது. 365 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை அது நன்றாக விடும். தோல்நோய் மருத்துவர் இருட்டறையில் படையைச் சோதிக்கும் வுட் விளக்கு இதனால் ஆனதே.

வுட்டின் பெயர் சென்னைக்கு அந்நியமானதன்று. மெரினாவை நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரியில் 1903 முதல் 1907 வரை பயின்று, மாணவராயிருக்கும்போதே 1906இல் ஒளியின் விளிம்பு விலகலைப் பற்றி லண்டன் இதழில் கட்டுரை வெளியிட்ட சி. வி. இராமனின் கண்டுபிடிப்பை, 1928இல் தம் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்து, அது முற்றிலும் மெய் என்று ‘நேச்சர்’ இதழுக்குத் தந்தியடித்தவர் அவர். (இராமனின் தமையனார் இல்லம் மயிலாப்பூரில் இருந்தது, அங்கே வளர்ந்து அதே கல்லூரியில் பயின்றவர் பின்னர் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர்.) அடுத்த ஆண்டு வுட், ஹீலியம் விளக்கைத் தம் நிக்கல் கண்ணாடிக் குழாயால் சூழ்ந்து, அதன் ஒரே ஒரு கதிரைத் தனித்தெடுத்து இராமன் விளைவை ஆராய்ந்தார். பூவின் மறைநிறத்தைக் காட்டும் கருங்கண்ணாடியின் இனமே அது.

இவ்வுறவில் தற்செயலைவிட ஆழமான ஒன்று உண்டு. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் செய்த சோதனையின் உயிர்நிலை இரண்டு வண்ணக் கண்ணாடிகள். செறிவாக்கிய சூரிய ஒளியை நீல ஊதாக் கண்ணாடி வழியே திரவத்துள் செலுத்தினர். திரவத்துக்கும் கண்ணுக்கும் இடையே மஞ்சட்பச்சைக் கண்ணாடியை வைத்தனர். முதல் கண்ணாடி விடுவதை இரண்டாவது முழுதும் மறிப்பது. ஆகவே பார்ப்பவருக்கு இருளே தெரிய வேண்டும். மங்கலான ஒளி தெரிந்தது. அப்படியாயின் அவ்வொளி முதல் கண்ணாடியைத் தாண்டிவந்த ஒளி அன்று. திரவத்தில் நிறம் மாறிய புதிய ஒளி. 1928 பிப்ரவரி 28ஆம் நாள் உலகுக்கு அறிவிக்கத்தக்க உறுதி பெற்றது இது. விலையுயர்ந்த கருவியைவிட, ஒன்றையொன்று மறுக்கும் இரு கண்ணாடிகளை எதிரெதிரே நிறுத்திக் கேட்கும் குறுக்கு விசாரணையே அங்கு வென்றது.

பிற்காலத்தில் பெங்களூரில் தம் ஆய்வகத்தைச் சூழ்ந்த பூந்தோட்டத்தில் இராமன் மலர்களை நோக்கித் திரும்பினார். 1960களில் பூக்களின் நிறம் பற்றி வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். பார்வையின் உடலியல் பற்றிய அவரது நூல் 1968இல் வெளிவந்தது. மலர்ச்சாயங்களுக்கு அவர் சூட்டிய ‘ஃபுளோராகுரோம்’ என்னும் பெயரை வேதியியலார் ஏற்கவில்லை. பூவின் நிறத்தை நிறமாலைகாட்டியில் பிரித்து, மனிதக் கண் அதை எவ்வாறு கூட்டி உணர்கிறது என்று கேட்டவர் அவர். தேனீயின் கண் அவருடைய வழக்கில் இல்லை. வடிப்பானை அவர்போல் கையாண்டவரும், மலரை அவர்போல் காதலித்த விஞ்ஞானியும் அரியர். அவ்விரண்டும் ஒரே மனிதரிடம் கூடியிருந்தும் ஊதாவுக்கு அப்பாலுள்ள பூ ஜெர்மனியிலும் அமெரிக்காவிலுமே படமாயிற்று.

ஃபிரிஷின் மாணவர் கார்ல் டௌமர் 1958இல் வெளியிட்ட ஆய்வு, தேனீ காணும் வண்ணம் மலர்களின் நிறங்களை அளந்து காட்டிய பெருமுயற்சி. கடுகுக் குடும்பத்தின் மூன்று செடிகளில் நமக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் பூக்கள், புறஊதாவை வெவ்வேறு அளவில் திருப்பி அனுப்புவதால் தேனீக்கு மூன்று நிறங்களாக இருந்தன. மஞ்சளும் புறஊதாவும் கூடிய அந்நிறத்துக்கு நம் மொழியில் மட்டுமன்று, எம்மொழியிலும் இயற்பெயர் இல்லை. ஆய்வாளர் ‘தேனீயின் கருஞ்சிவப்பு’ என்று ஏதோ ஒரு பெயரால் சமாளிக்கின்றனர். செந்நிறக் கசகசாப் பூவைச் சிவப்பு தெரியாத தேனீ தேடி வருவதும் அது திருப்பி அனுப்பும் புறஊதாவாலேயே. வெள்ளைப் பூக்களுள் பெரும்பாலானவை புறஊதாவை விழுங்கிவிடுவதால், வெண்மை என்று நாம் போற்றுவது தேனீக்கு வெண்மையன்று. 1969இல் தாமஸ் ஐஸ்னர் தொலைக்காட்சிக் காமிராவில் வடிப்பானைப் பொருத்தி, பூவின் மறைகோலத்தைக் கண்முன் அசைந்தாடவே செய்தார். 1972இல் அவர் குழுவினர், இதழின் அடியில் புறஊதாவை விழுங்கும் பொருள்கள் ஃபிளேவனால் வகையின என்று கண்டறிந்தனர்.

இப்படங்களைப் பார்க்கும் தமிழர்க்கு இன்னொரு கிருஷ்ணன் நினைவுக்கு வரவேண்டும். மயிலாப்பூர் எட்வர்டு எலியட்ஸ் சாலையில், இன்றைய டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலையில், வாழ்ந்த மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். தமிழைப் பட்டப்படிப்பில் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று 1925இல் செனட் மண்டபத்தில் பேசியவாறே உயிர் நீத்தவர் மாதவையா. மகன் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார். நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைக் கோட்டோவியங்களோடு நூலாக்கிய பைசனிடம் கற்றவர். பல பகுதிகளைத் தாமே இணைத்து அமைத்த ‘சூப்பர் பாண்டரோசா’ என்ற காமிராவைத் தூக்கிக்கொண்டு காடு காடாக அலைந்தார். வண்ணப்படம் எங்கும் பரவிய பின்னும் 1996 பிப்ரவரியில் மறையும்வரை கருப்பு வெள்ளையையே கைக்கொண்டார். அவர் புறஊதாப் படம் எடுத்தவரல்லர். ஆயினும் நிறத்தை நீக்கினால் உருவம் பேசும் என்பதை அவர் படங்கள் காட்டுவதுபோல் வேறெதுவும் நம்மிடையே காட்டவில்லை. புறஊதாப் படமும் அடிப்படையில் கருப்பு வெள்ளைப் படமே. அச்சில் காணப்படும் நீலமும் பொன்னும் பின்னர் ஏற்றிய பொய்ந்நிறங்கள், மொழிபெயர்ப்பாளரின் அலங்காரங்கள்.

அலங்காரத்தைவிடப் பெரிய ஆபத்து பொய்ச்சாட்சி. நிக்கல் கண்ணாடிக்கு ஒரு குறை உண்டு. புறஊதாவை விடுவதோடு, சிவப்பு முடியும் 700 நானோமீட்டருக்கு அப்பால் அகச்சிவப்பையும் சிறிது கசியவிடும். சாதாரணப் படச்சுருள் அகச்சிவப்பை உணராததால், சுருள் காலத்தில் இக்குறை மறைந்திருந்தது. எண்முறைக் காமிராவின் சிலிக்கான் உணரியோ புறஊதாவுக்கு மந்தம். அகச்சிவப்புக்கு மிகக் கூர்மை. அதனால் கசிவு சிறிதாயினும் படம் முழுதும் அதுவே நிறைந்துவிடும். தயாரிப்பாளர் உணரியின்மேல் ஒட்டியிருக்கும் தடுப்பை நீக்கி, கருங்கண்ணாடியோடு அகச்சிவப்பை மறிக்கும் நீலப்பச்சைக் கண்ணாடி ஒன்றையும் சேர்த்தால்தான் சாட்சி நேர்மையாகும். அல்லது பல அடுக்குப் பூச்சிட்ட புதுவகை வடிப்பான் வேண்டும். சோதிக்கும் வழியோ எளிது. கடையில் கிடைக்கும் புறஊதாத் தடுப்பான்களில் தரமானதொன்றைக் கருங்கண்ணாடியின்மேல் பொருத்திப் படமெடுக்க வேண்டும். இருள் மட்டுமே பதிவானால் வடிப்பான் மெய்யானது. உருவம் தெரிந்தால் அது புறஊதா அன்று. கல்கத்தாவில் இராமன் நிறுத்திய அதே இரு கண்ணாடிகள்; அங்கே மிஞ்சிய ஒளி நோபல் பரிசைத் தந்தது, இங்கே மிஞ்சும் ஒளி படத்தைத் தள்ளச் சொல்கிறது. இன்னொரு அடையாளம் இலை. மெய்யான புறஊதாப் படத்தில் இலைகள் கறுத்திருக்கும்; பனி படிந்ததுபோல் வெளுத்திருந்தால் அகச்சிவப்பு புகுந்துவிட்டது.

வில்லையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. படிகக்கல்லும் ஃபுளோரைட்டும் கொண்டு ஜப்பானிய நிறுவனங்கள் இதற்கெனவே செய்த வில்லைகள் எளியவர் கைக்கு எட்டா. பழைய புகைப்பட நிலையங்களின் இருட்டறைகளில் படத்தைப் பெரிதாக்கப் பயன்பட்ட வில்லைகளில் சில, குறிப்பாகப் பழைய 80 மில்லிமீட்டர் ஈ.எல். நிக்கார், அந்த அளவுக்கு இல்லாவிடினும் புறஊதாவை நன்றாகவே விடுகின்றன.

2022ஆம் ஆண்டில் வெளிவந்த சூரியகாந்தி ஆய்வு இவ்வரலாற்றில் புதிய ஏடு. நமக்கு முழுதும் பொன்னாகத் தெரியும் சூரியகாந்தி, புறஊதாப் படத்தில் நடுவே கருவட்டமும் ஓரத்தில் ஒளிவளையமுமாகத் தோன்றும். அக்கருவட்டம் பெரிதும் சிறிதுமாவதற்கு ஒரே ஒரு மரபணு பெரும்பங்கு காரணமென்றும், வறண்ட நிலச் செடிகளில் வட்டம் பெரிதாயிருப்பது நீரிழப்பைக் குறைப்பதோடு தொடர்புடையதென்றும் அதில் காட்டப்பட்டது. அப்படியாயின் அக்கோலம் தேனீக்கு எழுதிய மடல் மட்டுமன்று. வெயிலோடு செய்துகொண்ட உடன்படிக்கையுமாகிறது.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களைத் தொகுத்துப் படநூல்களும் வந்துள்ளன. அவையெல்லாம் மனிதக் கண்ணுக்கானவை. சென்னையில் ஏப்ரல் மாதக் கடைசியில் சூரியன் நண்பகலில் நேர் உச்சியில் நிற்கும். புறஊதா மிகுந்த நாள்கள் அவை. சரக்கொன்றை பூத்துத் தொங்குவதும் அப்போதுதான். கருங்கண்ணாடி வழியே ஒளி மிகக் குறைவாகவே நுழைவதால் நெடுநேரம் திறந்துவைக்க வேண்டும். கடற்காற்று எழுந்துவிட்டால் கொத்து ஆடிப் படம் கலங்கும். கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை. வெண்ணிதழும் நடுவே பொற்கேசரமுமாகப் பூப்பது. கொன்றை, புன்னை இரண்டையும் காற்று எழுமுன் முற்பகலிலேயே எடுத்துவிட வேண்டும்.