பாதித் துணியின் சாட்சி



பெற்ற பிள்ளையை வறுமையினால் பிறர் கையில் ஒப்படைத்த தாயொருத்தி, ஆண்டுகள் சில கழித்து அப்பிள்ளையைத் தேடி வருகின்றாள். பிள்ளைக்கு அவள் இட்ட பெயர் இப்போது இல்லை, முகமும் மாறிவிட்டது. இது தன் பிள்ளையே என்பதை எதைக்கொண்டு நிறுவுவாள்? பதினெட்டாம் நூற்றாண்டின் இலண்டன் மாநகரில் இவ்வினாவுக்குப் பெரும்பாலும் விடையாக இருந்தது ஒரு சிறு துணித்துண்டு.

தோமஸ் கோரம் ஒரு கடலோடி. இலண்டன் வீதியோரங்களிற் சிசுக்கள் மடிந்து கிடப்பதைக் கண்டு மனம் பொறாது, பதினேழு ஆண்டுகள் பிரபுக்களின் வாயில்களில் ஏறியிறங்கி, 1739 இல் அரச சாசனம் பெற்றார். 1741 மார்ச்சில் பவுண்ட்லிங் ஹொஸ்பிட்டல் திறக்கப்பட்டது. பெயரைக் கேட்டு அதனை வைத்தியசாலை என்று எண்ணிவிடலாகாது. அது பெற்றோரால் வளர்க்க இயலாத குழந்தைகளின் காப்பகம். ஓவியர் ஹோகார்த்தும் இசைமேதை ஹண்டெலும் அதற்குத் துணைநின்ற கதை தனியே ஒரு பேச்சுக்குரியது.

இடமோ சிறிது, வந்த தாய்மாரோ பலர். ஆகவே 1742 இல் திருவுளச்சீட்டு முறை வந்தது. தாய் ஒரு பைக்குள் கைவிட்டு ஓர் உருண்டையை எடுக்க வேண்டும். வெள்ளையாயின் குழந்தை ஏற்கப்படும், நோயற்றிருந்தால், சிவப்பாயின் காத்திருக்கலாம், கறுப்பாயின் திரும்ப வேண்டியதுதான். கருணையின் வாயிலிலும் இத்தகைய சூதாட்டம்!

ஏற்கப்பட்ட குழந்தைக்கு ஓர் இலக்கமும் புதுப் பெயரும் கிடைத்தன. தாய் தன் பெயரைச் சொல்லத் தேவையில்லை. எழுதுவினைஞர் நாளையும், குழந்தையின் உடையையும், உடலிலுள்ள அடையாளங்களையும் பதிந்து, ஒரு துணித்துண்டையோ, தாய் கொணர்ந்த நாணயம் முதலியவற்றையோ அத்தாளுடன் சேர்த்து மடித்து முத்திரையிடுவார். யாரேனும் தேடி வந்தாலன்றி அது பிரிக்கப்படமாட்டாது. நாளையும் அடையாளத்தையும் தாய் சரியாகச் சொல்லிவிட்டால், ஏடு வாய் திறக்கும். பாடசாலைச் சேர்விடாப்பை நாள்தோறும் புரட்டும் எனக்கு இம்முறையில் ஒரு வியப்பு உண்டு. தாயின் பெயரை விலக்கிய அதே ஏடு, அவள் மீண்டு வருவதற்கான வழியையும் தன்னுள்ளே காத்து வைத்திருந்தது.

எனினும் மீட்கப்பட்டோர் மிகச் சிலரே. 1756 இல் பாராளுமன்றம் பணம் வழங்கி, வரும் குழந்தைகள் எல்லோரையும் ஏற்கச் செய்தது. நான்காண்டுகள் நிறைவதற்குள் ஏறத்தாழ 15,000 சிசுக்கள் வந்து சேர்ந்தன. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்களவு மடிந்தன. 1741 முதல் 1760 வரை ஏற்கப்பட்டோர் 16,282. உற்றாரிடம் மீண்டோர் 152. தேடி வந்த தாய்மாருட் பலர் பிள்ளையின் மரணச் செய்தியோடு திரும்பினர்.

மீட்டவர்களுள் ஒருத்தி சாரா பெண்டர். 1767 பெப்ரவரியில் தன் மகன் சார்ள்ஸை அவள் ஒப்படைத்தாள். பலவகைத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்து, அதன்மேல் ஓர் இதயத்தையும் நூலாற் பின்னிய துண்டொன்று அவளிடம் இருந்தது. அதனை இரண்டாக வெட்டினாள். பாதி இதயம் காப்பகத்தின் ஏட்டிற் சேர்ந்தது. மகனுக்கு அங்கே பெஞ்சமின் டுவேர்ள் என்று வேறு பெயர் இட்டார்கள். அப்பெயரை அவள் அறிந்திருக்க வழியில்லை. 1775 ஜூன் மாதம், எட்டாண்டுகளின் பின், சாரா வந்து மகனைக் கேட்டாள். பையன் உயிரோடிருந்தான். காப்பகம் அவனைத் தாயிடம் ஒப்படைத்தது. அந்தப் பாதித் துணி மட்டும் இன்றும் இலண்டன் ஆவணக்காப்பகத்து ஏட்டிலேயே இருக்கின்றது.