மோட்டார் விபத்தும் வீட்டுச் செலவும்

மோட்டார் வண்டியால் அடிபட்டவருக்கு நேரும் நஷ்டம், டாக்டருக்குக் கொடுக்கும் பணத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வர வண்டிக் கூலி, பாலும் பழமுமாகச் சத்துள்ள ஆகாரம், உடனிருந்து கவனிக்க ஓர் ஆள் எனப் பல செலவுகள் குடும்பத்தின் கைப்பொருளை நாள்தோறும் கரைக்கின்றன. இச்செலவுகளும் நஷ்ட ஈட்டில் சேர வேண்டியவையே என்பது நம் நாட்டில் ஒரே நாளில் நிலைபெற்றுவிடவில்லை. அது படிப்படியாக வளர்ந்த வரலாறு, நேயர்களே, அறிந்துகொள்ளத் தக்கது.

நம் நாட்டுக்கு மோட்டார் வண்டி வருமுன்னரே, 1855ஆம் ஆண்டில் மரண விபத்துச் சட்டம் இயற்றப்பெற்றது. பிறர் குற்றத்தால் உயிரிழந்தவரின் குடும்பத்தார் ஈடு பெற அது வழி செய்தது. ஆனால், காயத்தோடு உயிர் பிழைத்தவரைப் பற்றி அது பேசவில்லை. அவர் சிவில் கோர்ட்டை நாடி, எதிரியின் கவனக்குறைவை நிரூபித்தாக வேண்டும். வழக்கில் வென்றாலும், எதிரியிடம் பொருளில்லையேல் தீர்ப்பு வெறும் காகிதமே.

இக்குறையை நீக்க முனைந்தது 1939ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம். அதன்படி, வண்டியால் பிறருக்கு விளையும் தீங்குக்காக இன்ஷ்யூரன்ஸ் செய்வது 1946 ஜூலை முதல் தேதியிலிருந்து கட்டாயமாயிற்று. 1956ஆம் ஆண்டுத் திருத்தம், ஈட்டு வழக்குகளைச் சுருக்கமான முறையில் விசாரிக்கத் தனி நீதி மன்றங்களுக்கு இடமளித்தது. யார் குற்றம் என்று பாராமலே, நிரந்தர ஊனமுற்றவர் 7,500 ரூபாய் பெறலாம் என்று 1982ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது.

பின்னர் 1988ஆம் ஆண்டில் புதுச் சட்டம் பிறந்தது. குற்றத்தை நிரூபிக்காமல் ஈடு கோருவோருக்கென, 1994இல் அதனோடு ஓர் அட்டவணை சேர்க்கப்பட்டது. ரசீதுள்ள மருத்துவச் செலவுக்கு உச்ச வரம்பு 15,000 ரூபாய் என்றது அது. ஆனால், இளநீர் விற்பவர் ரசீது தருவதுண்டோ? இரவெல்லாம் கண்விழிக்கும் தாய் தன் உழைப்புக்குப் பில் எழுதுவாளோ?

இவ்வினாக்களுக்கு விடை உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளில் கிடைத்தது. காயமடைந்தவருக்குரிய ஈட்டின் இனங்களை 2010ஆம் ஆண்டில் அது வகுத்துரைத்தபோது, சிகிச்சை, மருந்து ஆகியவற்றோடு போக்குவரத்தையும் சத்துணவையும் பிற செலவுகளையும் வெளிப்படையாகவே குறித்தது. சிகிச்சைக் காலத்தில் இழந்த வருமானத்தையும் சேர்த்தது. 2020இல் வந்த வழக்கொன்றில், விபத்தால் பிறர் உதவியின்றி வாழ இயலாத நிலையை அடைந்த ஒரு சிறுமிக்கு, இரண்டு உதவியாளர் தேவை என்று கொண்டது. ஒருவருக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம், பதினெட்டு ஆண்டுப் பெருக்கத்தால் கணக்கிட்டு, உதவியாளர் செலவுக்கு மட்டும் 21,60,000 ரூபாய் அளித்தது.

பலத்த காயமுற்றவர், குற்றத்தை நிரூபிக்காமலே 2,50,000 ரூபாய் கோரும் உரிமை 2022 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு மேற்பட்ட இழப்பை எடுத்துக்காட்ட விரும்புவோருக்குச் சான்றுகளே துணை. ஆதலால், கிடைக்கும் ரசீதுகளைப் பத்திரப்படுத்துவதும், ரசீதில்லாத செலவுகளை அன்றன்றே தேதியிட்டு எழுதிவைப்பதும் நலம். நூற்றாண்டுக்கு மேலாக முயன்று பெற்ற உரிமை, குறிப்பு இல்லாத காரணத்தால் வீணாகிவிடலாகாது.