புறக்கோட்டைக்கு இறங்கி நடந்த நாட்கள்

மூத்த அக்காமார் காலத்தில் அது தையல் வகுப்பு. எமது காலத்தில் மனையியல் மன்றம். இன்றைய தங்கைமார் அதனை 'ஃபெஷன் கிளப்' என்கிறார்கள். பெயர் எதுவாயினும், ஆண்டுக்கொரு தடவை ஆசிரியையின் பின்னால் இருவர் இருவராகக் கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு நடந்து போவது நெடுங்காலம் நிலைத்த வழக்கம். விடுதியில் தங்கிப் படித்த வெளியூர் மாணவியருக்குக் கொழும்பு அறிமுகமானது அந்த ஒரு நாளில்தான்.

செட்டியார் தெருவின் நகைக்கடைகளைத் தாண்டினால் பிரதான வீதியும் குறுக்குத் தெருக்களும். இரண்டாம் குறுக்குத் தெருவில், 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சம்மாங்கோட்டார் பள்ளியின் சிவப்பு வெள்ளைக் கோடுகளை அண்ணாந்து பார்க்காதவர் இல்லை. சுற்றிலும் முஸ்லிம், தமிழ், சிந்தி, போரா வணிகரின் பிடவைக் கடைகள். துணியை விரல்களுக்கிடையில் கசக்கிப் பார்ப்பதும், ஓரத்தை நனைத்து வெள்ளைக் கைலேஞ்சியில் தேய்த்துச் சாயம் போகுமா என்று சோதிப்பதும், கூச்சமின்றி விலை பேசுவதும் அங்கேதான் கற்றோம்.

பின்னர் 101ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த நூற்பு நெசவு ஆலை அங்கே இருந்தது. 1933இல் கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்ற வேலைநிறுத்தம் நடந்த ஆலை அதுவே. துணிக்குப் பின்னால் தொழிலாளரின் கைகள் உண்டு என்பதை அக்காமாருக்கு உணர்த்திய இடம். இன்று அந்த நிலத்தில் ஹெவ்லொக் சிட்டி மாடிகள் நிற்கின்றன.

1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் படித்தவர்கள் வேறு கதை சொல்வார்கள். நல்ல துணி கிடைப்பதே அரிது. அம்மாவின் பழைய சேலை சட்டையாகும். அக்காவின் சட்டை தங்கைக்குச் சுருங்கும். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. மறு ஆண்டு கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. 1980களில் ஆடை ஏற்றுமதி தேயிலையையே முந்தியது. அந்த உயர்வைத் தைத்தவர்கள் கிராமத்து இளம்பெண்கள். எம்மில் மருத்துவரானோர் அவர்களைப் பின்னர் இரத்தச்சோகையோடும் முதுகுவலியோடும் சந்தித்தோம். வெள்ளவத்தை ஆலையைப் பற்றி மன்றத்தில் கேட்டது அப்போதுதான் முழுதாக விளங்கியது.

இடையில் 1983 ஜூலை. அக்காமார் விலை பேசிய தமிழர் கடைகள் பல புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் எரிந்தன. எமது காலம் அதற்குப் பிந்தியது. சுற்றுலாவுக்குப் பெற்றோரின் கையொப்பம், அதிபரின் கடிதம், பதினாறு வயதைத் தாண்டியோருக்கு அடையாள அட்டை. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்த பின் சுற்றுலாவே நின்றது. ஆசிரியை தனியாகப் புறக்கோட்டைக்குப் போய் ஒரு பை நிறைய வெட்டுத்துணி வாங்கிவந்து மேசையில் பரப்பினார். வொயில், பொப்லின், சீத்தை எல்லாம் இருந்தன. தெரு மட்டும் இல்லை. தங்கள் நகரத்தில் தாங்களே நடந்து திரியும் துணிவைத்தான் அந்தச் சுற்றுலா தந்தது என்பது, அது இல்லாத ஆண்டுகளில் தெரிந்தது.

இன்று தங்கைமார் மீண்டும் நடக்கிறார்கள். ஆடை வடிவமைப்பில் பட்டம் பெற மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வழியுண்டு. அதை நாடும் பிள்ளைகளும் மன்றத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காட்ட எம்மிடம் பழைய பதிவுகள் அதிகம் இல்லை. டொரன்டோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ, உங்கள் அலுமாரியில் ஒரு சுற்றுலாப் படமோ, துணித்துண்டு ஒட்டிய தையல் கொப்பியோ இருந்தால் சங்கத்துக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். எந்த ஆண்டு, எந்தத் தெரு என்று பின்புறம் எழுதிவிடுங்கள். மிகுதியை நாம் கோத்துக்கொள்வோம்.